எதுக்கு வேணும்?

புந்தோங்காரனுக்குக் கடலை தெரியும், கடல் தெரியாது என்று என் நண்பன் ஒருவன் கிண்டலடிப்பான். அதில் பொய் இல்லை. எங்கள் ஊரை வெளியில் அடையாளம் காட்டுவது கச்சாங் பூத்தேதான். கடல் பார்க்க வேண்டுமென்றால் லுமுட் வரை போகவேண்டும். போனாலும் பங்கோர் படகுத்துறையில் கொஞ்ச நேரம் நின்று, வாங்கி வந்த முறுக்கைத் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவோம். ஆகவே புந்தோங்கிலிருந்து ஒருவன் கடலடியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான் என்றால் நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

எங்கள் பகுதி லொங்காங் தண்ணீர் சுங்கை பாரியில் விழுகிறது. சுங்கை பாரி கிந்தா ஆற்றில் சேர்கிறது, கிந்தா பேராக் ஆற்றில் சேர்கிறது, பேராக் ஆறு பாகான் டத்தோவில் கடலில் கலக்கிறது. ஈயம் தோண்டிய காலத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணெல்லாம் இதே வழியில்தான் போனது. அந்த ஆற்று வாயில்தான் என் மாமா இருக்கிறார். தென்னந்தோட்டமாக இருந்து செம்பனைக்கு மாறிய தோட்டம். அவர் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மண்கரை, அதற்கு அப்பால் ஒரு வரிசை அலையாத்தி மரங்கள், அதற்கும் அப்பால் சேறு. அவர் சின்னப் பையனாக இருந்தபோது மரங்கள் இன்னும் ரொம்ப தூரத்துக்கு இருந்தனவாம். அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் பெருகும்போது இப்போது தண்ணீர் கரையின் தோள் வரைக்கும் வருகிறது.

ஒரு தீபாவளிக்குப் போயிருந்தபோது கேட்டார்: "மாப்ள, நீ எஞ்சினியர்தானே? இந்தக் கரை இன்னும் எத்தனை வருஷம் தாங்கும், சொல்லு."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் மக்குப் பொறியியலாளன் என்பதால் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கெட்டிக்காரப் பொறியியலாளனும் எண் இல்லாமல் கணக்குப் போட முடியாது. அந்த எண்கள் எங்கே இருக்கின்றன, யாரிடம் இருக்கின்றன, ஏன் மாமாவிடம் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

மாமாவின் கேள்விக்கு மூன்று எண்கள் வேண்டும். கடல் எவ்வளவு உயரம் ஏறுகிறது? கரையின் உச்சி எவ்வளவு உயரம்? கரைக்கு முன்னால் கடலடி எவ்வளவு ஆழம்?

மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அலையைக் காற்று உண்டாக்குகிறது என்பது சரிதான். ஆனால் கரைக்கு வந்து சேரும்போது அது எவ்வளவு உயரமாக இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அடியில் இருக்கும் தரை. ஆழம் குறையக் குறைய அலை நிமிர்ந்து, ஓர் அளவுக்குமேல் தாங்காமல் உடைந்துவிடும். பொறியியல் பாடத்தில் இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஆழத்தில் 0.78 பங்குக்குமேல் அலை நிற்காது. ஒரு மீட்டர் தண்ணீரில் 78 சென்டிமீட்டர் அலை. கரைக்கு முன்னால் உள்ள சேறு அரை மீட்டர் அரித்துப் போனால், முன்பு தூரத்திலேயே உடைந்த அலை இப்போது கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் கூடுதல் உயரத்தோடு கரையில் மோதலாம். கடல் மட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட உயரவில்லை, கரையும் அப்படியேதான் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத சேறு மட்டும் போயிருக்கிறது. ஆபத்து வந்துவிட்டது.

கடலே உயரவில்லை என்று நினைக்கவும் வேண்டாம். 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளந்த உலக சராசரி ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கும் மேல். தோட்டத்துக்காக வடிகால் வெட்டிய களிமண் நிலமோ காய்ந்து, இறுகி, அமிழ்கிறது. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. நடுவில் மாமா வீடு.

*

முதல் எண்ணைத் தேடினேன். தீபகற்பத்திலும் சபா, சரவாக்கிலுமாக நம் நாட்டில் 21 இடங்களில் கடல் பெருக்கை அளக்கும் நிலையங்கள் உள்ளன. நடத்துவது நில அளவை, வரைபட இலாகாவான ஜூப்பேம். மாமா வீட்டுக்கு வடக்கே இருப்பது லுமுட் நிலையம். அதன் பதிவுகள் 1980களின் நடுவிலிருந்து இருக்கின்றன. எனக்கு அவை முதலில் கிடைத்தது எங்கே தெரியுமா? இங்கிலாந்தில் லிவர்பூலில், 1933 முதல் உலகக் கடல் மட்டப் பதிவுகளைச் சேர்த்துவரும் நிலையத்தில். பிறகு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில். காசு இல்லை, கடிதம் இல்லை, அடையாள அட்டை எண் இல்லை. லுமுட் கடல் எவ்வளவு ஏறியது என்று ஒரு புந்தோங்காரன் ஹவாயைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். நம் இலாகா அவர்களுக்குக் கொடுத்தது நல்ல காரியம். அந்தக் கொடை வீட்டிலேயே தொடங்கியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

இரண்டாவது எண்ணில் ஒரு சிக்கல். ஈப்போவில் நீங்கள் வீடு கட்டினாலும், வரைபடத்தில் எழுதும் தரைமட்டம் கடலிலிருந்துதான் அளக்கப்படுகிறது. கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பத்து வருடம் பதிவான சராசரிக் கடல் மட்டம்தான் தீபகற்பத்துக்கே பூஜ்யம். கடல் வரைபடத்தின் பூஜ்யம் வேறு. கப்பல் தரைதட்டக்கூடாது என்பதற்காக அது கடல் ஆகக் கீழே வற்றும் மட்டத்தை ஒட்டி வைக்கப்படுகிறது. நிலத்துக்கு ஒரு பூஜ்யம், தண்ணீருக்கு ஒரு பூஜ்யம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். கரை என்பது இந்த இரண்டு பூஜ்யங்களும் சந்திக்கும் இடம். இரண்டு இலாகாக்களும் பேசிக்கொண்டால்தான் அந்த இடத்தில் கணக்குப் போட முடியும்.

மூன்றாவது எண்ணில் எனக்குக் கதவு மூடிக்கொண்டது.

உலகக் கடலடிக்கு ஓர் இலவச வரைபடம் உண்டு. ஜெப்கோ என்பார்கள். மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் 1903இல் தொடங்கிவைத்த வேலை, இன்றும் நடக்கிறது. இறக்கிப் பார்த்தேன். அதில் ஒரு கட்டம் ஏறக்குறைய 450 மீட்டர் அகலம். மாமா வீட்டு வாசலிலிருந்து கரை, மரம், சேறு எல்லாமே ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதோடு ஜெப்கோ நேர்மையாக இன்னொரு வரைபடமும் தருகிறது. எந்தக் கட்டம் உண்மையில் அளக்கப்பட்டது, எந்தக் கட்டம் பக்கத்து எண்களை வைத்து ஊகித்தது என்று சொல்லும் வரைபடம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு நம் கரையோரத்தைப் பார்த்தால்தான் தெரியும், வழுவழுப்பான நீல நிறத்துக்குப் பின்னால் எவ்வளவு ஊகம் இருக்கிறது என்று. இது உலகம் முழுதுக்குமான குறைதான். 2017இல் 'சீபெட் 2030' திட்டம் தொடங்கியபோது உலகக் கடலடியில் ஒழுங்காக அளக்கப்பட்டிருந்தது சுமார் 6 சதவிகிதம். இப்போது நான்கில் ஒரு பங்கைத் தாண்டியிருக்கிறது.

சரி, செயற்கைக்கோள்? ஐரோப்பாவின் சென்டினல்-2 பத்து மீட்டர் துல்லியத்தில் ஐந்து நாளைக்கு ஒருமுறை படமெடுத்து இலவசமாகத் தருகிறது. மாலத்தீவு மாதிரி தெளிந்த கடலில் தண்ணீரின் நிறத்தை வைத்தே ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம். பேராக் கடல் தேத்தாரிக் நிறம். வெளிச்சம் சேற்றைத் தாண்டி இறங்காது. அமெரிக்க லேசரும் இங்கே தோற்றுப் போகும். இந்தக் கடலடியை அறிய ஒரே வழி, எதிரொலிக் கருவியைக் கட்டிக்கொண்டு படகில் போய் அளப்பது. அதை நாம்தான் செய்யவேண்டும், நமக்காக ஹவாய் செய்யாது. செய்தும் இருக்கிறார்கள், நம் வரிப்பணத்தில். ஆனால் அந்த எண்கள் எனக்கு எட்டவில்லை.

*

ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை; வேறு எதற்குப் போட்டிருந்தாலும் உரையாடல் பெரிதாக மாறியிருக்காது என்பது என் அனுமானம். மலாயில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லங்க. தனி ஆள்."

"யூனிவர்சிட்டியா? சுப்பர்வைசர் கடிதம் இருக்கா?"

"படிச்சு முடிச்சாச்சு."

"அப்புறம் எதுக்கு வேணும்?"

பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். எரிச்சல் இல்லை, அதட்டல் இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. கம்பெனிக்கு வேண்டும், ஆராய்ச்சிக்கு வேண்டும், சரி. கடலோரத்தில் குடியிருக்கும் ஒருவனின் மருமகனுக்கு எதற்கு வேண்டும்? பாரத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

என் சண்டை அந்த மனிதரோடு இல்லை. அந்தக் கேள்வியோடுதான். 'எதுக்கு வேணும்' என்று கேட்கும் உரிமை ஒரு குடிமகனிடம் அரசாங்கத்துக்கு எங்கிருந்து வந்தது? நியாயமாகப் பார்த்தால் கேள்வி மறுபக்கம் இருக்க வேண்டும்: எதற்காகக் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள்?

'பாதுகாப்பு' என்பதுதான் வழக்கமான பதில். அதை முழுதாக ஒதுக்கித் தள்ளவும் நான் தயாரில்லை. மலாக்கா நீரிணை உலகின் பரபரப்பான கடல் வழி. லுமுட்டில் கடற்படைத் தளம் இருக்கிறது. தளத்துக்கு முன்னால் இருக்கும் கடலடியை ஒளித்து வையுங்கள், யார் வேண்டாம் என்றது? நோர்வேயும் சுவீடனும்கூடத் தங்கள் கடலோரத்தின் துல்லியமான ஆழ அளவுகளுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. ஆனால் கொள்ளைக்காரனுக்குப் பயந்து முன்வாசலைப் பூட்டுவது வேறு, வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திப் பூட்டுவது வேறு. நீர்மூழ்கிக் கப்பல் மாமா வீட்டுக்கு முன்னால் உள்ள முழங்கால் அளவு சேற்றில் வந்து ஒளிந்துகொள்ளாது. கப்பலோட்ட வேண்டிய ஆழங்களோ கடற்படையின் நீர்நில ஆய்வு மையம் வெளியிடும் கடல் வரைபடங்களிலேயே இருக்கின்றன. காசு கொடுக்கும் எந்த நாட்டுக் கப்பலும் வாங்கிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பழைய வியாதி இருக்கிறது. கடல் வரைபடம் என்பது பிரிட்டிஷ் காலத்திலிருந்து கடலைக் கடந்து போகிறவனுக்காக வரையப்பட்டது. ஈயமும் ரப்பரும் ஏற்றிய கப்பல் தரைதட்டாமல் போக வேண்டும். ஆகவே கப்பல் வழியில் எண்கள் நெருக்கமாக இருக்கும். கப்பல் வராத சேற்றோரத்தில் எண்கள் அருகிப் போகும். கடலோரத்தில் வாழ்கிறவனுக்காக யாரும் வரைபடம் போடவில்லை. சுதந்திரம் வாங்கினோம். வரைபடத்தின் வாசகன் யார் என்பது மட்டும் மாறவில்லை.

எண்கள் வெளியே வந்தால் வானம் இடிந்து விழாது என்பதற்கு ஆதாரம் நம் கையிலேயே இருக்கிறது. எம்எச்370. 2014 மார்ச் 8, 239 பேர். விமானத்தைத் தேடி இந்தியப் பெருங்கடலில் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துழாவினார்கள். மலேசியா, ஆஸ்திரேலியா, சீனா மூன்றும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டன. விமானம் கிடைக்கவில்லை. தேடுதல் 2017 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதே வருடம் ஆஸ்திரேலியாவின் நிலவியல் நிறுவனம், தேடுவதற்கு முன் அளந்த கடலடி எண்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் உள்ள மலைமுகடுகளையும் பள்ளங்களையும் நான் புந்தோங்கில் உட்கார்ந்து பார்த்தேன். அத்தனை பேருடைய துக்கத்தின் அடியிலிருந்து எடுத்து வந்த எண்கள் அவை. பார்க்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது. எங்கோ ஒரு கடலின் அடி எனக்குத் தெரிகிறது. என் ஊர்த் தண்ணீர் போய்ச் சேரும் கடலின் அடி எனக்குத் தெரியாது.

*

நம் சட்டங்களைப் பாருங்கள். அதிகாரத்துவ இரகசியச் சட்டம் 1972. இதன்படி ஓர் ஆவணத்துக்கு இரகசிய முத்திரை குத்திவிட்டால், அது உண்மையிலேயே இரகசியமாக இருக்க வேண்டியதுதானா என்று நீதிமன்றம்கூடக் கேள்வி கேட்க முடியாதபடி ஒரு பிரிவு இருக்கிறது. எல்லாக் கடல் எண்ணும் இந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சட்டம் உண்டாக்கிய பழக்கத்தைச் சொல்கிறேன். கொடுத்தால் வம்பு வரலாம், கொடுக்காவிட்டால் ஒன்றும் வராது. அப்படிப்பட்ட மேசையில் உட்கார்ந்திருந்தால் நானும்தான் 'எதுக்கு வேணும்' என்று கேட்டிருப்பேன்.

புகைமூட்டம் ஞாபகம் இருக்கிறதா? காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைச் சில வருடங்கள் இந்த நாடு இரகசியமாக வைத்திருந்தது. சுற்றுப்பயணிகள் பயந்துவிடுவார்களாம். சுவாசிப்பது நாம், எண் இரகசியம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகமும் கோலசிலாங்கூரும் மூச்சு முட்டி, அங்கே அவசரகாலம் அறிவிக்கப்பட்ட நேரத்தில்தான் அந்த எண்கள் வெளியே வந்தன. இன்று பள்ளிக்கூடப் பிள்ளை கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டு முகக்கவசம் போடுகிறது. நாடு கவிழ்ந்துவிடவில்லை. கடலடிக்கும் ஒரு பேரிடர் வந்தால்தான் விடிவா? ஒருமுறை வந்தும் போயிற்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்த நாட்டில் 68 பேர் இறந்தார்கள். அந்த அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர்தான். கரைக்கு எப்போது வரும், எவ்வளவு உயரமாக வரும் என்று கணக்கிட நம்பகமான கரையோர ஆழம் வேண்டும். அப்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

தகவல் சுதந்திரச் சட்டத்தைப் பினாங்கு 2010இலும் சிலாங்கூர் 2011இலும் நிறைவேற்றின. பேராக்கில் அப்படி ஒன்று இல்லை. கூட்டரசு அளவில் வரும், வரும் என்று காது புளித்துவிட்டது. வந்ததென்னவோ தரவுப் பகிர்வுச் சட்டம் 2025. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கூட்டரசு இலாகாக்கள் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ளத்தான் அது. அண்ணனும் தம்பியும் பகிர்ந்துகொள்வார்கள். வீட்டு வாடகை கட்டுகிற நாம் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

தரவு இல்லாதவனுக்கு என்ன நடக்கும்? பினாங்கின் தென்கரையில் கடலைத் தூர்த்துத் தீவு கட்டும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீனவர்கள் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள். அவர்கள் மேல்முறையீட்டை ஏற்று 2021 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி ரத்தானது. 2023இல் மீண்டும் அனுமதி கிடைத்து, தூர்க்கும் வேலை தொடங்கிவிட்டது. திட்டம் நல்லதா கெட்டதா என்பதை விடுங்கள். இப்படிப்பட்ட ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆலோசகர்கள் படகெடுத்துப் போய்க் கடலடியை அளக்கிறார்கள். அந்த எண்கள் திட்டக்காரரின் சொத்து. மக்களுக்குக் கிடைப்பது தலையணை மாதிரி ஓர் அறிக்கை, அதைப் படித்துக் கருத்துச் சொல்ல எண்ணி வைத்த நாட்கள். அறிக்கையின் முடிவை மறுக்க வேண்டுமானால் உங்களிடம் உங்கள் எண் இருக்க வேண்டும். "நாப்பது வருஷமா இந்தக் கடல்ல போறேன்யா" என்று ஒரு மீனவர் சொன்னால் அது அனுபவம். அதே விஷயம் வண்ணப்படமாக வந்தால் அது சான்று. எண் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் விசாரணையில் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது.

*

இனி நம்மைப் பற்றி. இலக்கியப் பக்கத்தில் இதை ஏன் எழுதுகிறேன் என்று இந்நேரம் உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். பார்த்தீர்களா, நீங்களும் 'எதுக்கு' என்றுதான் கேட்கிறீர்கள்.

கடல் என்றால் நமக்குப் பெருமை பொங்குகிறது. 1025இல் ராஜேந்திரன் கடாரம் வென்றதை டீசட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறோம். பூஜாங் பள்ளத்தாக்கில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். ரஜுலா கப்பலில் தாத்தா வந்த கதையைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். நம் கடல் எப்போதும் யாரோ கடந்து வந்த கடல். அதாவது, பிரிட்டிஷ்காரனின் வரைபடத்தில் இருக்கும் அதே கடல்தான் நம் நினைவிலும் இருக்கிறது. கடலோரத்தில் மண்கரைக்குப் பின்னால் இன்று குடியிருக்கும் தமிழன் அந்தப் படத்தில் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கப்பல் எத்தனை என்று சண்டை போடுகிற நமக்கு, மாமா வீட்டுக்கு முன்னால் கடல் எத்தனை அடி என்று தெரியாது. தெரியாதது வெட்கமாகவும் இல்லை.

ஆவணம் இல்லாத சமூகம் என்று நாம் அடிக்கடி புலம்புகிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயங்களோடு பதிவேடுகளும் போயின என்று எழுதுகிறோம். உண்மைதான். ஆனால் ஆவணம் என்றால் கடிதமும் புகைப்படமும் மட்டும்தானா? லுமுட் நிலையத்தின் எண்களும் நம் ஆவணம். 1980களில் நடந்த தேசியக் கடற்கரை அரிப்பு ஆய்வு, தீபகற்பமும் சபா, சரவாக்கும் சேர்ந்த ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர் கரையில் 29 சதவிகிதம் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகச் சொன்னது. அந்த 29 சதவிகிதத்துக்குப் பின்னால் எத்தனை லயம், எத்தனை கோயில், எத்தனை சுடுகாடு இருந்தன என்று எழுதியிருக்க வேண்டியது நாம்தானே? எண் தெரிந்தால்தானே கதை எங்கே இருக்கிறது என்று தெரியும்!

என் கோரிக்கை சிறியது. மக்கள் பணத்தில் அளந்த கரையோர ஆழங்கள், பாதுகாப்புக் காரணத்தை எழுத்தில் காட்ட முடிந்த இடங்கள் தவிர, சில வருடக் கெடுவுக்குப் பிறகு பொதுவில் வர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக்காகத் தனியார் அளந்தவையும் அனுமதியோடு சேர்த்துப் பொதுச்சொத்தாக வேண்டும். கடல் பெருக்குப் பதிவுகள் ஹவாய்க்குப் போவதற்கு முன் மாமாவின் கைப்பேசிக்கு வர வேண்டும். பேராக் மாநிலம் பக்கத்து வீட்டுப் பினாங்கைப் பார்த்தாவது ஒரு தகவல் சட்டம் போட வேண்டும். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை கோயில் திருவிழாவில் மாலை வாங்க வரும்போது இதைக் கேளுங்கள். "எதுக்கு வேணும்?" என்று அவரும் கேட்பார். கேட்கட்டும், விடாதீர்கள்.

அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. போன வருடம் நானும் மாமாவும் கரையோரத்தில் ஒரு நிபோங் கம்பை ஊன்றி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி தண்ணீர் எந்தக் கோடு வரை வந்தது என்று பள்ளி நோட்டில் எழுதுகிறார். இது எந்தப் பூஜ்யத்தோடும் சேராத கணக்கு. எந்த விசாரணையிலும் செல்லாது. நான்கு மாதம் கழித்து கம்பே சாய்ந்துவிட்டது. அடியில் இருந்த சேறு போயிருக்கிறது. எவ்வளவு போயிற்று என்று மாமா கேட்டார். அதற்கும் என்னிடம் எண் இல்லை.